வாயை ஊதிக் காட்டு

எங்க ஊர்ல குடிச்சுட்டு வர்ற ஆம்பளைங்களத்தான் வாயை ஊதச் சொல்லுவாங்க. என்னை எங்கம்மா ஊதச் சொல்லும். பத்து வயசுல ஆரம்பிச்சு பதினஞ்சு வயசு வரைக்கும், தினம் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள, "இங்க வா, ஊது." நான் ஊதணும். அம்மா குனிஞ்சு, கண்ணை மூடிக்கினு மோந்து பாக்கும். பிஸ்கட்டா, பன்னா, பரோட்டாவான்னு. ஒண்ணும் வரலன்னா, "நல்லா ஊது, திரும்ப ஊது"ன்னும். அப்புறம் பையைத் தலைகீழா கொட்டும். டிபன் பாக்ஸ் மூடியில இருக்கற ரப்பரைக் கூட நகத்தால தூக்கிப் பாக்கும். பக்கத்து வூட்டு அக்கா துணி காயப்போட வந்தா அதுவும் நின்னு வேடிக்கை பாக்கும். எனக்கு மானம் போயிடும்.

எனக்கு இருக்கறது சீலியாக். பேரைச் சொன்னா யாருக்கும் புரியாது, அதனால எங்க வூட்ல கோதுமை வியாதின்னுதான் சொல்லுவோம். கோதுமைக்குள்ள பசை மாதிரி ஒரு சத்து இருக்கு. அது என் வயித்துக்குள்ள போனா குடல் புண்ணாயிடும். அப்புறம் நான் என்ன துன்னாலும் ஒடம்புல ஒட்டாது. மருந்து கிடையாது. கோதுமையை விட்டா சரியாயிடும், துன்னா திரும்ப வந்துடும், சாகற வரைக்கும் அவ்ளோதான். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒன்பது வயசு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி பூச்சி மாத்திரை குடுத்தாங்க, மந்திரிச்சாங்க, இடுப்புல கயிறு கட்டினாங்க. வயிறு மட்டும் பானை, கையும் காலும் குச்சி. ஸ்கூல்ல பாதி நாள் வகுப்புல இருந்தேன், பாதி நாள் கக்கூஸ்ல இருந்தேன். கடைசியில தாம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வாய் வழியா டியூப் வுட்டுப் பாத்து சொன்னாங்க.

அங்க இருந்த டாக்டரம்மா சிரிச்சுக்கினே சொன்னாங்க, "நல்லவேளை நீ தமிழ்நாட்டுல பொறந்த. இட்லி, தோசை, சோறு, ரசம். உனக்கென்ன கவலை." அன்னியிலருந்து இன்னி வரைக்கும் இதே பாட்டைத்தான் எல்லாரும் பாடறாங்க. அரிசிதான துன்றோம், இதுல இன்னா கஷ்டம்? வந்து ஒரு வாரம் இருந்து பாருங்க அப்போ தெரியும். நாங்க இருக்கறது வடக்குப்பட்டு. நான் பொறந்தப்போ ஏரி ஓரமா நெல்லு வெளைஞ்சிருக்காம். எனக்கு நெனவு தெரிஞ்சப்போ ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்ட், இன்னொரு பக்கம் வடக்கத்தி ஆளுங்க தங்கற தகர ஷெட்டு. அவங்களுக்காக மளிகைக் கடை வாசல்ல கோதுமை மாவு மூட்டை ஆளுயரத்துக்கு அடுக்கி வச்சிருப்பாங்க. ஒரகடம் ரோட்ல நாலு அடிக்கு ஒரு பரோட்டா கடை. டீக்கடையில பன்னு, ஸ்கூல்ல பொறந்தநாளைக்கு கேக்கு, கோயில்ல ரவா கேசரி, கல்யாணத்துல பூரி. உலகமே கோதுமையைத் துன்னுக்கினு இருக்கற மாதிரி இருக்கும். நான் மட்டும் வெளிய நின்னு பாத்துக்கினு இருப்பேன்.

எங்கப்பா கார் பார்ட்ஸ் கம்பெனியில லைன்ல வேலை. ஓவர்டைம் பாத்தா டீயும் ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்டும் குடுப்பாங்க. டீயைக் குடிச்சுட்டு பாக்கெட்டை பேண்ட் பாக்கெட்ல போட்டு எடுத்தாருவாரு. பாதி பிஸ்கட் நொறுங்கி இருக்கும், லேசா ஆயில் வாசனை அடிக்கும். உலகத்துலயே எனக்குப் புடிச்ச தீனி அதுதான். வியாதி தெரிஞ்ச அப்புறம் அப்பா அதைக் கொண்டாரதை நிறுத்திட்டாரு. என்னை விட மூணு வயசு சின்ன தங்கச்சி ஒருத்தி இருக்கா, அவ அழுது பொரண்டா. அதனால வூட்டுக்குள்ள எடுத்தாராம, வாசல்ல பைக்கை நிறுத்திட்டு அங்கயே அவளுக்குக் குடுப்பாரு. அவ பைக் மேல உக்காந்து துன்னுட்டு, வாயை அலம்பிக்கினு உள்ள வருவா. நான் ஜன்னல்ல நிப்பேன். அப்பா என்னைப் பாக்கவே மாட்டாரு. பைக்கைத் தொடைக்கற மாதிரி தொடைச்சுக்கினு இருப்பாரு.

எங்கம்மாவை நான் குறை சொல்லியே ஆகணும், ஆனா அதுக்கு முன்னாடி இதையும் சொல்லணும். எங்கம்மா மாதிரி வேற ஒருத்தியால இந்த வியாதியைப் பாத்துக்க முடியாது. எங்கம்மா அப்போ போனு பார்ட்ஸ் செய்யற கம்பெனியில வேலை. நீலக் கோட்டு, தலையில தொப்பி, லென்ஸு வழியா சின்னச் சின்ன போர்டைப் பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்ற வேலை. "என் கண்ணைத் தாண்டி ஒரு ரிஜெக்ட் பீஸ் வெளிய போனதில்ல"ன்னு பெருமையா சொல்லும். அதே கண்ணாலதான் எங்க சமையக்கட்டையும் பாத்துச்சு. ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கே சப்பாத்திக் கட்டையைத் தூக்கிப் போட்டுச்சு. பழைய தோசைக்கல்லை மாத்துச்சு. ரவை இருந்த டப்பாவைக் கூட வச்சுக்கல. அரிசி மாவு அரைக்கப் படப்பை மில்லுக்குப் போனா, அங்க முன்னாடி கோதுமை அரைச்சிருப்பாங்களேன்னு, ஒரு படி அரிசியை முதல்ல போட்டு அரைச்சு அதைக் கீழ கொட்டச் சொல்லும். அப்புறம்தான் எங்க அரிசி. மில்லுக்காரர் தலையில அடிச்சுக்குவாரு. அம்மா நின்ன எடத்துல இருந்து நகராது.

முதல் ஆறு மாசம் நல்லா இருந்துச்சு. வயிறு கொஞ்சம் எறங்குச்சு, முகத்துல ரத்தம் வந்துச்சு. அம்மா எல்லாருகிட்டயும் காட்டும், "பாரு, எப்படி தேறிட்டா." அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. ஒரு வாரம் நல்லா இருப்பேன், அடுத்த வாரம் சுருண்டு படுத்துடுவேன். ஒசரம் ஏறவே இல்ல. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போனப்போ ரத்த டெஸ்ட்ல இந்த வியாதியோட அளவு இன்னும் ஏறிதான் இருக்குன்னு சொன்னாங்க. "வீட்ல என்னம்மா குடுக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா ஒப்பிச்சுச்சு. இட்லி, சோறு, ரசம், மோர், காய். "அதெல்லாம் சரியா இருக்கு"ன்னு டாக்டரம்மா தலையாட்டினாங்க. அப்புறம் என்னைப் பாத்து, சிரிச்ச முகமாதான், "வெளிய ஏதாவது சாப்பிடறியா? உண்மையைச் சொல்லு, அம்மா திட்ட மாட்டாங்க"ன்னாங்க.

நான் சாப்பிடலன்னு சொன்னேன். டாக்டரம்மா அம்மாவைப் பாத்தாங்க. அம்மா என்னைப் பாத்துச்சு. அந்தப் பார்வையிலதான் நான் மாட்டினேன்.

அடுத்த மாசம் அம்மா வேலையை வுட்டுச்சு. கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொல்லுச்சு. காலையில எங்க தெருமுனைக்கு கம்பெனி பஸ் வரும், கூட வேலை செஞ்ச பொண்ணுங்க ஜன்னல்லருந்து கை ஆட்டுவாங்க. அம்மா கோலம் போட்டுக்கினே நிமிராம கையைத் தூக்கும். கோவம் வந்தா மட்டும் சொல்லும், "யாருக்காகடி நான் வேலையை வுட்டேன்? நீ திருடித் துன்றதுக்கா?" இதுக்கு என்ன பதில் சொல்றது? துன்னலன்னு சொன்னா பொய் சொல்றேன்னு அர்த்தம். சும்மா இருந்தா ஒத்துக்கினேன்னு அர்த்தம்.

தங்கச்சிக்குன்னு வாங்கின பிஸ்கட் டப்பா பீரோவுக்குள்ள போச்சு, பீரோ சாவி அம்மா தாலிச் சரட்டுக்குப் போச்சு. என்னைக் கடைக்கு அனுப்பறதே இல்ல. உப்பு வேணும்னாலும் தங்கச்சிதான் போவா. ஸ்கூல் டூர் கிடையாது, தோழி வூட்டு பொறந்தநாள் கிடையாது. கல்யாணத்துக்குப் போனா பந்தி நடக்கற எடத்துக்குப் போகக் கூடாது, கை கழுவற எடத்துல ஒரு சேர் போட்டு, கொண்டு போன டப்பாவைத் திறந்து, அம்மா நின்னு பாக்க நான் துன்னணும். மத்தியானம் ஸ்கூல் கேட்டுக்கே வந்துடும். மணி அடிச்சதும் பசங்க எல்லாம் சத்துணவுக்கு ஓடுவாங்க, நான் கேட்டுக்கு நடப்பேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். சூடா ரசம் சோறு. என் வகுப்புப் பொண்ணுங்க எனக்கு "பத்தியம்"னு பேரு வச்சாங்க. "ஏய் பத்தியம், உங்கம்மா வந்துட்டாங்க." இன்னிக்கு அதுல ஒருத்தி என் கூடத்தான் வேலை செய்யறா, இன்னும் அப்படித்தான் கூப்பிடறா. இப்போ கோவம் வர்றதில்ல.

தங்கச்சியை வேற வேவு பாக்க வச்சாங்க. அக்கா இன்னா துன்னான்னு சொன்னா அவளுக்கு ரெண்டு பிஸ்கட். அந்தக் கழுதை முதல்ல நான் துன்னலன்னு உண்மையைத்தான் சொன்னா. அதுக்கு பிஸ்கட் கெடைக்கல. அப்புறம், "கையை இப்படி மூடி வச்சிருந்தாம்மா, என்னான்னு தெரியல"ன்னா. கெடைச்சுது. ஏழு வயசுக் கொழந்தையை என்னன்னு சொல்றது. ஆனா அவ வளந்தா, நான் வளரல. எனக்குப் பன்னெண்டு வயசானப்போ அவ என்னைத் தாண்டிட்டா. எல்லா வூட்லயும் அக்கா யூனிபார்ம் தங்கச்சிக்குப் போகும். எங்க வூட்ல அவ போட்டுச் சின்னதா போனது எனக்கு வந்துச்சு. அதைப் போட்டுக்கினு கண்ணாடி முன்னாடி நின்னப்போ நான் அழுதேன். அம்மாவும் பின்னாடி நின்னு அழுதுச்சு. அழுதுக்கினே, "இன்னுமா உனக்கு புத்தி வரல?"ன்னு கேட்டுச்சு.

நான் நம்ப வைக்கப் பாக்காம இல்ல. ஒரு வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன்னாடி நானே கற்பூரம் ஏத்தினேன். எங்க பக்கம் அதுக்கு மேல சத்தியம் கிடையாது. எரியற கற்பூரத்தை கையால அணைச்சுட்டு ஒரு வார்த்தை சொன்னா, பெரிய பெரிய சண்டையே அங்க முடிஞ்சுடும். "வெளிய ஒரு வாய் கூட நான் துன்னல"ன்னு சொல்லி அடிச்சு அணைச்சேன். உள்ளங்கை சிவந்து போச்சு. அம்மா என் கையைப் புடிச்சு ஊதுச்சு, தேங்கா எண்ணெய் வச்சுச்சு. "சரிடி, நம்பறேன்"ன்னுச்சு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாலு நாள் ஊதச் சொல்லல, பையைக் கொட்டல.

அஞ்சாம் நாள் எனக்கு வயித்தால போச்சு. சாயங்காலம் வரைக்கும் போச்சு. அம்மா என்னைத் திட்டல. பக்கத்து வூட்டு அக்காகிட்ட மட்டும் மெதுவா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. "கற்பூரத்து மேலயே பொய் சத்தியம் பண்ணுதுக்கா இந்தப் பொண்ணு."

ஒடம்பு முடியாத அன்னிக்கு மட்டும் அம்மா வேற ஆளா மாறிடும். திட்டாது. என்னை மடியில போட்டுக்கும். கட்டிப் பெருங்காயத்தை எடுத்து எண்ணெயில பொரிச்சு, பொடி பண்ணி, மோர்ல கலக்கி ஒரு சொம்பு குடுக்கும். இன்னொரு துண்டை தண்ணியில கரைச்சு தொப்புளைச் சுத்திப் பத்து போடும். வயித்துக்கு அதைவிட மருந்து கிடையாதுன்னு ஊரே சொல்லும். அப்புறம் பெருங்காயம் தூக்கலா போட்டு ஒரு ரசம், கொழைஞ்ச சோறு. அந்த வாசனைதான் எனக்கு அம்மா வாசனை. அந்த ரெண்டு மூணு நாள் நான் திருடி இல்ல, கொழந்தை. சொன்னா வெக்கக்கேடு, சில சமயம் ஒடம்பு முடியாம போனா தேவலன்னு கூட நெனைச்சிருக்கேன்.

பதிமூணு வயசுல ஒரு நாள் நான் நிஜமாவே திருடினேன். ஸ்கூல்ல எல்லாரையும் வண்டலூர் ஜூவுக்குக் கூட்டினு போனாங்க. அம்மா அனுப்பல. அன்னிக்கு வகுப்புல நானும், கால் ஒடிஞ்ச ஒரு பொண்ணும் மட்டும்தான். மத்தியானம் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே டீச்சர் போகச் சொல்லிட்டாங்க. கேட்டுக்கு அம்மா இன்னும் வரல. ரோட்டைத் தாண்டி பரோட்டா கடை. கல்லு மேல எண்ணெய் சுர்ருங்குது. எனக்கு என்ன தோணுச்சுன்னு நல்லா நெனவு இருக்கு. திருடின்னுதான சொல்றீங்க, இந்தா திருடறேன். நோட்டு வாங்கக் குடுத்த காசுல ரெண்டு பரோட்டா வாங்கி, சால்னாவுல முக்கி, நின்னுக்கினே துன்னேன். நல்லா இருந்துச்சான்னு கேட்டா, தெரியல. அவ்ளோ வேகமா முழுங்கினேன்.

அம்மாவைக் கேட்டுல பாத்ததும் நானே சொல்லிட்டேன். ஊதல்லாம் வேணாம், பரோட்டா துன்னேன், ரெண்டு துன்னேன், ஆனா இன்னிக்கு ஒரு நாள்தான். எனக்கு அதைச் சொல்லணும்னு ஆத்திரம். ஒத்துக்கினா, ஒத்துக்காத நாளெல்லாம் உண்மைன்னு ஆயிடும்னு கணக்கு போட்டேன். எவ்ளோ முட்டாள்தனம். அம்மா டிபன் பாக்ஸைக் கீழ வச்சுட்டு, "இப்போ ஒத்துக்கினியா?"ன்னுச்சு. "இத்தினி வருஷம் கழிச்சு இப்போவாவது ஒத்துக்கினியே." சாயங்காலம் அப்பாகிட்டயும் சொல்லுச்சு. அப்பா என்னை அடிக்கல. "போம்மா, போய் படு"ன்னாரு. அதுக்கு அப்புறம் நான் துன்னலன்னு சொல்றதையே வுட்டுட்டேன். யாருகிட்ட சொல்றது? ஊதச் சொன்னா ஊதுவேன். பையைக் கேட்டா நானே கொட்டுவேன்.

பதினஞ்சு வயசு. மழைக்காலம். குழாயடியில வழுக்கி விழுந்து அம்மாவுக்கு கால் பெசகிடுச்சு, கட்டு போட்டு கட்டில்ல படுத்திருந்துச்சு. சனிக்கிழமை, தங்கச்சி ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிட்டா. எனக்கு வழக்கம்போல வயிறு. அம்மா கட்டில்ல இருந்தே, "மோர் கலக்கிக் குடி, பெருங்காயம் போடு"ன்னுச்சு. எவர்சில்வர் டப்பாவைத் திறந்தா தூள் கூட இல்ல. எங்க வூட்ல பெருங்காயம் எப்பவும் அந்த டப்பாவுலதான் இருக்கும். தங்கச்சி கடையிலருந்து கொண்டாந்ததும் அம்மா அட்டையைப் பிச்சு அடுப்புல போட்டுட்டு, கட்டியை டப்பாவுல போட்டு மூடிடும்.  வேற வழி இல்ல. "நீயே போயி வாங்கினு வா. நேரா போ, நேரா வா. கடைக்காரர்கிட்ட போன் பண்ணிக் கேப்பேன்."

அஞ்சு வருஷத்துல முதல் தடவையா நான் தனியா மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வச்சாரு. அதை வாங்கி, பழக்க தோஷத்துல திருப்பிப் பாத்தேன். எனக்கு எது கையில கெடைச்சாலும் பின்பக்கம் படிக்கற பழக்கம். பள்ளிக்கூடத்துல குடுக்கற மிட்டாய் பேப்பரைக் கூட படிச்சுட்டுதான் கீழ போடுவேன். பொடிப்பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல போட்டிருந்தாங்க. கோதுமை மாவு. அதுக்கு அப்புறம் கோந்து, எண்ணெய், பெருங்காயம். முதல் வார்த்தையே கோதுமை மாவு. நான் வெளிச்சத்துக்கு எடுத்துக்கினு வந்து திரும்பப் படிச்சேன். வேற பெட்டி இருக்கான்னு கேட்டேன். எடுத்து வச்சாரு. அதுல மைதா. பெருங்காயம் ரொம்ப காரமாம், மாவு கலந்துதான் கட்டி புடிப்பாங்களாம். கடைக்காரர் சொன்னாரு, "எல்லாத்துலயும் அப்படித்தாம்மா, இன்னிக்கு நேத்தா?"

வாசல்ல அடுக்கி இருந்த மாவு மூட்டை மேல அப்படியே உக்காந்துட்டேன். ரசம். சாம்பார். மோர். தொப்புள் மேல போட்ட பத்து. ஒடம்பு முடியாத அன்னிக்கு ரெண்டு மடங்கு. மில்லுல முதல் படி மாவைக் கீழ கொட்ட வச்ச அம்மா, என் சோத்துல கோதுமையைத் தன் கையால கரைச்சு ஊத்தியிருக்கு. என்னைக் கடைக்கு ஒரு நாள் அனுப்பியிருந்தா போதும். ஒரே ஒரு நாள். பத்து வயசுலயே படிச்சிருப்பேன்.

வூட்டுக்கு ஓடினேன். வயித்து வலி, மழை, எதுவும் தெரியல. அம்மா மூஞ்சியில அந்தப் பெட்டியை வீசி எறியணும், கத்தணும், அக்கம்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டு வச்சு என்கிட்ட மன்னிப்பு கேக்க வைக்கணும். வழியெல்லாம் வார்த்தையைச் சேத்துக்கினே வந்தேன். உள்ள போனதும், "படி"ன்னு நீட்டினேன்.

அம்மா பத்தாவது வரைக்கும் படிச்சுது. லென்ஸு புடிச்சுப் பாத்த கண்ணு. பெட்டியைக் கண்ணுகிட்ட கொண்டு போச்சு. முதல்ல, "பெருங்காயத்துல எவனாவது கோதுமை போடுவானா?"ன்னுச்சு. அப்புறம் திரும்பப் படிச்சுது. பெட்டியை மடியில வச்சுச்சு. 

"மோர்ல நான்தான் போட்டேன்" அப்படின்னுச்சு. என்னைப் பாத்து சொல்லல. "முடியலன்னா ரெண்டு துண்டா போட்டேன். கேட்டுக்கு ரசம் கொண்டாந்தேன். சூடா இருக்கணும்னு ஓடியாந்தேன்." தலையில அடிச்சுக்கிச்சு. ஒரு தடவை இல்ல, அடிச்சுக்கினே இருந்துச்சு. நான் கையைப் புடிச்சேன், நிறுத்தல. "கற்பூரம் அணைச்சாளே. என் பொண்ணு கற்பூரம் அணைச்சாளே. நம்பலையே நான்." கட்டில்லருந்து எறங்கப் பாத்து, கட்டு போட்ட காலை ஊனி, விழப் போச்சு.

இதுக்குத்தான் நான் அஞ்சு வருஷம் காத்திருந்தேன். சத்தியமா சொல்றேன், எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரல. பயம்தான் வந்துச்சு. எங்கம்மா ஒடைஞ்சு போயிடும்னு பயம். வாயில வந்ததைச் சொன்னேன்.

"அம்மா, பெருங்காயம் மட்டும் இல்லம்மா. நானும் துன்னிருக்கேன். பிஸ்கட்டு, பன்னு. நெறைய நாள். கற்பூரம் அணைச்ச அன்னிக்கும் துன்னுட்டுதான் வந்தேன்."

அடிச்சுக்கிற கை நின்னுச்சு. அம்மா என் முகத்தைப் பாத்துச்சு. "நெசமாவா?" "நெசமா." மூச்சு விட்டுச்சு. அழுகை அடங்குச்சு. பழைய குரல்லயே, "எனக்குத் தெரியும்டி"ன்னுச்சு. "எனக்கு அப்போவே தெரியும்." அஞ்சு வருஷமா உண்மையைச் சொன்னேன், நம்பல. இதை உடனே நம்பிடுச்சு. எனக்கு அதுல வந்த கோவம் இன்னும் போகல. ஆனா அது மூஞ்சியில உயிர் வந்ததையும் பாத்தேனே.

பெருங்காயம் எங்க வூட்டை விட்டுப் போச்சு. ஒரு வருஷத்துல நான் வளந்தேன், வயசுக்கு வந்தேன், தங்கச்சியைத் தாண்டல, ஆனா அவ காது வரைக்கும் எட்டினேன். டிப்ளமோ முடிச்சு இப்போ ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டியில இருக்கேன். லென்ஸு வழியா பாக்கற வேலைதான். அம்மா திரும்ப வேலைக்குக் கேட்டுச்சு, சின்ன வயசுப் பொண்ணுங்கதான் வேணும்னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் வூட்டுக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட எங்க கதையைச் சொல்லும். கடைசியில எப்பவும் ஒண்ணு சொல்லும், "பெருங்காயம் பாதி, இவ வாய் பாதி." எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஏழு வருஷமா சிரிச்சுக்கினு இருந்தேன்.

போன மாசம் படப்பையிலருந்து ஒரு அக்கா வந்துச்சு. அதோட பொண்ணுக்கு எட்டு வயசு, இதே வியாதின்னு சொல்லிட்டாங்களாம். யாரோ எங்கம்மாவைப் போய்ப் பாக்கச் சொல்லியிருக்காங்க. அம்மாவுக்குப் பெருமை தாங்கல. முதல்ல பெருங்காயத்தைச் சொல்லுச்சு, மில்லைச் சொல்லுச்சு, எல்லாம் நல்லா சொல்லுச்சு. அந்த அக்கா போன்ல எழுதிக்கினே இருந்துச்சு. அப்புறம் அம்மா குரலை எறக்கி, "முக்கியமா ஒண்ணு சொல்றேன். பொண்ணை நம்பாத. என் பொண்ணு கற்பூரம் அணைச்சே பொய் சொன்னவ. ஸ்கூல் விட்டு வந்தா வாயை ஊதச் சொல்லு"ன்னுச்சு.

அந்தப் பொண்ணு சேர்ல காலைத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருந்துச்சு. குச்சிக் கால். அம்மா சொன்னதைக் கேட்டதும் தன் வாயைப் பொத்திக்கிச்சு. அதைப் பாத்த அப்புறம் என்னால சும்மா இருக்க முடியல.

"அக்கா, நான் துன்னல" அப்படின்னேன். அம்மா திரும்புச்சு. "பரோட்டா ஒரு தடவை துன்னேன். அதைத் தவிர ஒண்ணும் துன்னல. பிஸ்கட்டு, பன்னு எல்லாம் அன்னிக்கு நான் சொன்ன பொய்."

"இன்னாடி சொல்ற?"

"நீ அடிச்சுக்கினு அழுத. அதான் சொன்னேன்."

அம்மா என்னையே பாத்துக்கினு இருந்துச்சு. நான் கண்ணை எடுக்கல. திரும்ப அடிச்சுக்கப் போகுதுன்னு நெனைச்சு நான் பக்கத்துல போயி நின்னேன். அடிச்சுக்கல. "அப்போ கற்பூரம்?"ன்னு கேட்டுச்சு.

"நெசம்மா."

அந்த அக்காவுக்கு என்ன பண்றதுன்னு தெரியல, பையை எடுத்துக்கினு எழுந்துச்சு. அம்மா அதோட கையைப் புடிச்சு உக்கார வச்சுச்சு. 

"வாயை ஊதச் சொல்லாதம்மா" அப்படின்னுச்சு. "எழுதினியே, அதை அழிச்சுடு."

அந்த அக்கா போனை எடுத்து அழிச்சுது. அம்மா பக்கத்துல சாஞ்சு, அழிஞ்சுதான்னு உத்துப் பாத்துச்சு. அப்புறம் எழுந்து சமையக்கட்டுக்குள்ள போச்சு. ரொம்ப நேரம் வரல. குழாய் தண்ணி ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நான் உள்ள போகல. அந்தப் பொண்ணு பக்கத்துல தரையில உக்காந்து, வாயிலருந்து அதோட கையை மெதுவா எடுத்து விட்டேன்.